உடற்பயிற்சி, பசி, செரிமானம்: எதை முதலில், எவ்வளவு கடுமையாக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் சேர்ந்த புதிதில் எல்லாரும் கேட்பது, "கார்டியோ முதலா, வெயிட் முதலா?" என்றுதான். (கார்டியோ என்றால் ஓட்டம், சைக்கிள் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி.) இரண்டு மூன்று மாதம் போனதும் கேள்வி மாறிவிடும். "இப்படிப் பசிக்கிறதே, ஏன்?" என்பார் ஒருவர். "சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது" என்பார் இன்னொருவர். பல ஆண்டுகளாக மற்றவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிகளுக்குள் எது முன், எது பின் என்பதற்காக நாம் படும் கவலையில் பாதியையாவது, சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவில் எது முன், எது பின், எவ்வளவு இடைவெளி என்பதற்குக் கொடுக்க வேண்டும். வயிறும் பசியும் அதைத்தான் அதிகம் கவனிக்கின்றன.

கடுமையாக ஓடி முடித்ததும் பசியே எடுப்பதில்லை. அவ்வளவு கலோரி செலவான பிறகு பசிக்கத்தானே வேண்டும்?

செலவான கலோரியை எண்ணிப் பார்த்துப் பசி வருவதில்லை. அதைப் பெருமளவு ஹார்மோன்கள்தான் தூண்டுகின்றன, அடக்குகின்றன. வயிற்றின் உட்சுவரில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்களான கோஜிமா, கங்காவா குழுவினர் 1999-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்கக் கிரெலின் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். மூச்சு வாங்க ஓடும்போதும் அது இறங்குகிறது. அதே நேரத்தில் குடலில் சுரக்கும் பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 என்ற இரண்டும் ஏறுகின்றன. இவை "போதும்" என்று சொல்பவை. இன்று எடைக் குறைப்புக்குப் போடப்படும் ஊசிகள் ஜி.எல்.பி.-1 செய்யும் வேலையைத்தான் மருந்தாகச் செய்கின்றன.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. தசை கடுமையாக உழைக்கும்போது லாக்டேட் என்ற வேதிப்பொருள் பெருகுகிறது. அது ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து 'லாக்-ஃபீ' என்ற சிறு மூலக்கூறாகிறது. எலி, பந்தயக் குதிரை, மனிதர் என்று மூன்று உயிர்களிலும் கடும் ஓட்டத்துக்குப் பின் இது ரத்தத்தில் ஏறுவதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடல் பருத்த எலிகளுக்கு இதை ஊசியாகப் போட்டபோது அவை குறைவாகத் தின்றன.

ஆனால் இந்த அடக்கம் நீண்ட நேரம் நிற்பதில்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி, சிலருக்கு இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். அப்புறம் பசி தன் வேலையைத் தொடங்கிவிடும். இதை நானே பல மாதங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். மாலையில் வேகமாக ஓடிவிட்டு வந்தால் தட்டைப் பார்க்கவே பிடிக்காது. ஒரு சொம்புத் தண்ணீர், பாதிச் சாப்பாடு, போதும் என்று எழுந்துவிடுவேன். பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கப் போகும்போது கை தானாகப் பிஸ்கட் டப்பாவைத் தேடும். நின்றபடியே ஏழெட்டு உள்ளே போய்விடும். மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். உண்மையில், அடங்கியிருந்த பசி தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஓடி ஒரு மணி நேரம் கழித்து, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் அந்தப் பத்தரை மணித் தேடல் நின்றுவிட்டது.

மெதுவாக நடந்தாலும் இப்படிப் பசி அடங்குமா?

பெரிதாக அடங்காது. பேசிக்கொண்டே செல்லும் நடை கிரெலினை அதிகம் அசைப்பதில்லை. அதற்காக நடந்தால் பசி கூடிவிடும் என்றும் இல்லை. ஹார்மோனில் தெளிவான மாற்றம் தெரிய, உங்கள் உச்சத் திறனில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெயிட் தூக்குவதிலும் கிரெலின் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் நீண்ட ஓட்டத்தில் பி.ஒய்.ஒய். ஏறுவது போல வெயிட் பயிற்சியில் ஏறுவதில்லை என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் தெரிந்தது. வெயிட் நாளில் சீக்கிரமே பசிக்கிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் உடற்பயிற்சி செய்தால் மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுவேனா, அதிகமாகவா?

அன்றைக்கு மட்டும் பார்த்தால், செலவழித்ததை முழுவதுமாகத் திரும்பச் சாப்பிட்டு ஈடுகட்டுபவர்கள் குறைவு. வாரக்கணக்கில் பார்த்தால் உடல் ஒரு பகுதியை ஈடுகட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஆள் இதில் பெரிய வேறுபாடு உண்டு. ஒரே பயிற்சியைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவர் இளைப்பார், ஒருவர் அப்படியே இருப்பார். அப்படியே இருப்பவரை "ஏமாற்றுகிறாய்" என்று சொல்வது அநியாயம்.

இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் உடன் ஆய்வாளர்களும் மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1956-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூட்டை சுமந்தவர்களும் கனமான வேலை செய்தவர்களும் தங்கள் உழைப்புக்கு ஏற்ப அதிகம் சாப்பிட்டார்கள். அதில் வியப்பில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் இருந்தார்கள். உடல் ஓரளவாவது அசைந்தால்தான் பசி அளவோடு நிற்கிறது, அசைவே இல்லாவிட்டால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எடைக்காக இல்லாவிட்டாலும், பசி ஒழுங்காக இருப்பதற்காகவாவது தினமும் கொஞ்சம் அசைய வேண்டும் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவு ஏறக்குறைய 130 கலோரி. அதே அரை மணி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 350 கலோரி அளவில். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகக்கூடிய 35 கலோரியும் இதில் அடக்கம். "இன்று ஓடினேன், அதனால் இது தகும்" என்று ஒரு இனிப்புப் பானத்தை எடுக்கும்போது இந்த எண்கள் நினைவில் இருந்தால் நல்லது.

சரி, கார்டியோ முதலா, வெயிட் முதலா?

உங்களுக்கு எது முக்கியமோ அது முதலில். களைப்பில்லாத உடம்போடு செய்யும் பயிற்சிதான் நன்றாக நடக்கும் என்பதைத் தவிர இதில் பெரிய ரகசியம் இல்லை.

1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் மூன்று குழுக்களைப் பத்து வாரம் பயிற்சி செய்ய வைத்தார். வலிமைப் பயிற்சி மட்டும், தாங்குதிறன் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை ஏழெட்டு வாரம் வரை ஏறியது, பிறகு நின்று, கடைசியில் இறங்கியது. "கார்டியோ தசையைத் தின்றுவிடும்" என்ற பேச்சுக்கு இதுவே விதை. ஆனால் அவர்கள் செய்தது கிட்டத்தட்ட தினமும் கடுமையான பயிற்சி. வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் செய்பவர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கொழுப்பு கரைவதைப் பொறுத்தவரை? வெயிட் தூக்கி முடித்துவிட்டு ஓடினால், அந்த ஓட்டத்தில் எரிவதில் கொழுப்பின் பங்கு சற்றுக் கூடுகிறது. தசையில் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஏற்கெனவே கொஞ்சம் செலவாகியிருப்பது ஒரு காரணம். ஆனால் மாதக்கணக்கில் பார்த்தால் இந்த வரிசையால் உடல் கொழுப்பில் சொல்லும்படியான வேறுபாடு வருவதில்லை.

வரிசை உண்மையிலேயே பெரிதாகக் கணக்கில் வரும் ஓர் இடம் உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் முதலில் ஓடினால், ஓட்டத்தின்போதே சர்க்கரை வேகமாக இறங்கலாம். முதலில் வெயிட், பிறகு ஓட்டம் என்று மாற்றினால் அந்த இறக்கம் மிதமாகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. தாழ்சர்க்கரையால் அடிக்கடி பாதிக்கப்படுபவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள்.

மெதுவாகச் செய்தால்தான் கொழுப்பு எரியும் என்று டிரெட்மில்லிலேயே போட்டிருக்கிறதே?

மெதுவான பயிற்சியில் எரிபொருளில் கொழுப்பின் *பங்கு* அதிகம். அது உண்மை. ஆனால் மொத்தச் செலவு குறைவு. அதோடு, பயிற்சியில் மாவுச்சத்தை அதிகம் எரித்த உடல், மீதி நேரத்தில் கொழுப்பை அதிகம் எரித்துச் சரிக்கட்டிக்கொள்கிறது. நாள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், 'கொழுப்பு எரிக்கும் மண்டலம்' என்று டிரெட்மில்லில் போட்டிருக்கும் அந்த மெதுவான வேகத்துக்குத் தனிச் சிறப்பு இல்லை. மூட்டுவலி இருக்கிறது, மெதுவாகச் செய்தால்தான் தினமும் செய்ய முடிகிறது என்றால் அந்தக் காரணத்துக்காக மெதுவாகச் செய்யுங்கள்.

வெறும் வயிற்றில் செய்வது நல்லதா?

அந்த நேரத்தில் கொழுப்பு அதிகம் எரியும். ஆனால் 2014-இல், 20 இளம் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, உணவுக் கட்டுப்பாட்டோடு நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தபோது, வெறும் வயிற்றில் செய்தவர்களுக்கும் சாப்பிட்டுச் செய்தவர்களுக்கும் எடையிலோ கொழுப்பிலோ வேறுபாடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் மேலே சொன்ன கணக்கோடு பொருந்துகிறது.

காலை எழுந்ததும் ஏதாவது சாப்பிட்டால் குமட்டும் என்பவர்கள் வெறும் வயிற்றிலேயே செய்யலாம். தலைசுற்றும், கை நடுங்கும் என்பவர்கள் பாதி வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் பயிற்சியையோ, இடைவெளி விட்டு உச்ச வேகத்தில் ஓடுவதையோ வெறும் வயிற்றில் செய்யாமல் இருப்பதே நல்லது. வேகம் குறைந்துவிடும், அதோடு பயிற்சியின் பலனும்.

சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பயிற்சி செய்யலாம்?

இது பயிற்சி எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்தது. ஏன் என்று தெரிந்தால் நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வயிறு, குடல், கல்லீரல் பக்கம் போகிறது. சாப்பிட்டதும் அது இன்னும் கூடும். ஓடத் தொடங்கினால் தசை ரத்தம் கேட்கிறது, வியர்வைக்காகத் தோலும் கேட்கிறது. உடல் குடலுக்கான குழாய்களைச் சுருக்கி அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது. மிகக் கடுமையான பயிற்சியில் குடலுக்குப் போகும் ரத்தம் பாதிக்கும் கீழே போய்விடலாம். உச்சத் திறனில் 70 சதவீதத்தைத் தாண்டினால் வயிறு காலியாகும் வேகமும் குறைகிறது. அப்போது உள்ளே இருக்கும் சாப்பாடு அப்படியே நின்று குலுங்கும். கனம், ஏப்பம், புளித்தண்ணீர், குமட்டல் எல்லாம் இதனால்தான்.

மெதுவான நடையில் இந்தச் சிக்கல் இல்லை. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடாமலே நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், உணவுத் துண்டுகளை நூலில் கட்டி அந்தத் துளை வழியே உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எது எப்போது செரிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். லேசான உடல் அசைவு செரிமானத்துக்கு உதவுகிறது, களைக்கச் செய்யும் உழைப்பு அதைத் தாமதப்படுத்துகிறது என்று 1833-இல் எழுதினார். அந்த நோயாளியின் துன்பத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் அவர் வயிறு சொன்ன பாடம் இன்றுவரை நிற்கிறது.

ஆக, நடக்க உடனே கிளம்பலாம். மிதமான வெயிட் பயிற்சிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். வேக ஓட்டத்துக்கு, முழுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடு என்றால் இன்னும் தள்ளுங்கள், கொழுப்பு வயிற்றில்தான் அதிக நேரம் தங்குகிறது.

சாப்பிட்டதும் நடந்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ரத்தச் சர்க்கரை உச்சத்துக்கு வரும். சாதாரணமாக அதைத் தசைக்குள் அனுப்ப இன்சுலின் வேண்டும். ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே தன் கதவைத் திறந்துகொள்கிறது. 'குளூட்-4' என்ற கடத்திப் புரதம் தசைச் செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத உடம்பிலும் இந்த வழி வேலை செய்கிறது. அதனால்தான் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இவ்வளவு பயன் தருகிறது. ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 முதல் 15 நிமிடம் போதும். மூன்று வேளையும் முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகாவது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு, அந்த நேரத்தில் எழுந்திருக்க மனம் வராதுதான். கைகழுவியதும் உட்காராமல் நேராகச் செருப்பை மாட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்சுலின் போடுபவர்களும், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் புதிதாக நடக்கத் தொடங்கும்போது சர்க்கரையை அளந்து பாருங்கள். அளவு மாற்ற வேண்டியிருக்கலாம். இன்னொன்று: உச்ச வேகப் பயிற்சி முடித்ததும் சர்க்கரை *ஏறி* இருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையைத் திறந்துவிடுவதால் வரும் தற்காலிக ஏற்றம் அது, பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

பயிற்சியின்போது நெஞ்செரிச்சல் வருகிறது. என்ன செய்வது?

குனிவது, படுத்துக்கொண்டு வயிற்றுத் தசையை இறுக்குவது, மூச்சை அடக்கிப் பெரிய எடை தூக்குவது மூன்றும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டி அமிலத்தை மேலே தள்ளும். இங்கே வரிசை உதவும். நின்று செய்யும் பயிற்சிகளை முதலில் வைத்து, படுத்தும் குனிந்தும் செய்பவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்குள் வயிறு இன்னும் கொஞ்சம் காலியாகியிருக்கும். ஆனால் நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, பயிற்சியை நிறுத்தினால் மறையும் எரிச்சல் என்று இருந்தால் அதை அமிலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நீண்ட தூரம் ஓடும்போது வயிற்றைக் கலக்குகிறது.

மிகப் பலருக்கு உள்ள தொல்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்தம் குறைந்த குடல் குலுங்கவும் செய்கிறது, கூடவே நீரிழப்பும் சேர்ந்தால் அது தாங்குவதில்லை. ஓடும் நாளுக்கு முந்தைய இரவிலிருந்து நார்ச்சத்தையும் கொழுப்பையும் குறையுங்கள். ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள், குடல் சுவரின் பாதிப்பை அது கூட்டுகிறது. ஓடிக்கொண்டே குடிக்கும் சர்க்கரைப் பானத்துக்கும் குடலைப் பழக்க வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு ஏறக்குறைய 60 கிராம்தான் குடல் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போவதால் இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை முடியும். போட்டி நாளில் முதல்முறையாக எதையும் குடித்துப் பார்க்காதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஒருமுறை என்றாலும், காட்டிவிடுங்கள்.

கடுமையாகச் செய்தால் அதற்குப் பிறகும் பல மணி நேரம் கலோரி எரிந்துகொண்டே இருக்குமாமே?

எரியும், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. பயிற்சிக்கு ஆன செலவில் ஏறக்குறைய 6 முதல் 15 சதவீதம். 300 கலோரிப் பயிற்சி என்றால் 18 முதல் 45 கலோரி. தசை கூடினால் சும்மா இருக்கும்போதே நிறைய எரியும் என்பதும் அப்படித்தான். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு எரிப்பது 13 கலோரி அளவில். தசை வேண்டும், கட்டாயம் வேண்டும். எழுந்து நடக்கவும், விழாமல் இருக்கவும், சர்க்கரையைச் சேமிக்கவும் வேண்டும். கலோரிக்காக மட்டும் அதை வளர்ப்பவர் ஏமாந்துபோவார்.

ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளரின் குழு தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹாட்சா மக்களை அளந்து 2012-இல் வெளியிட்ட முடிவு எல்லாரையும் யோசிக்க வைத்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அவ்வளவு நடக்கும் அவர்களின் ஒரு நாள் மொத்தச் செலவு, நகர வாழ்க்கை வாழும் அமெரிக்கர்கள், ஐரோப்பியர்களின் செலவை ஒட்டியே இருந்தது. உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்று அவர் விளக்குகிறார். எவ்வளவு சிக்கனம் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது.

ஆனால் எரிந்த கலோரி சிறிதாக இருந்தாலும், பயிற்சி முடிந்த பின் நிற்கும் வேறு பலன்கள் பெரியவை. இன்சுலினுக்குத் தசை செவிசாய்ப்பது ஒரு நாள், இரண்டு நாள் வரை மேம்பட்டு நிற்கும். மாலையில் ஒரு மணி நேரம் நன்றாக நடந்தவருக்கு, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் கொழுப்பு குறைவாக இருக்கும்.

நீச்சலடித்தால் மட்டும் அகோரப் பசி எடுக்கிறதே?

குளிர்ந்த நீர்தான் காரணம். 20 டிகிரி நீரிலும் 33 டிகிரி நீரிலும் ஒரே அளவு சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்ததில், குளிர்ந்த நீரிலிருந்து வந்தவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நீந்தி முடித்ததும் உடம்பைத் துவட்டி, உலர்ந்த உடை மாற்றி, சூடாக ஏதாவது குடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துச் சாப்பிட உட்காருங்கள்.

பயிற்சி முடித்து அரை மணிக்குள் புரதம் எடுக்காவிட்டால் வீணா?

இல்லை. வெயிட் தூக்கிய தசை ஒரு நாள் வரை புரதத்தை ஆவலோடு எடுத்துக்கொள்ளும். அடுத்த வேளையில் 20 முதல் 40 கிராம் புரதம் இருந்தால் போதும்.

தினமும் கடுமையாகச் செய்கிறேன். இப்போதெல்லாம் பசியே குறைந்துவிட்டது. நல்லதுதானே?

வாரக்கணக்கில் அப்படி இருந்தால் நல்லதல்ல. கடும் பயிற்சி பசியை அடக்குவதால், செலவுக்கு ஏற்பச் சாப்பிடாமலே நாட்கள் ஓடிவிடும். உடல் பிறகு முக்கியமான வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். ஆண்களுக்குப் பாலுணர்வு குறையும். எலும்பு பலவீனமாகும், எப்போதும் குளிரும், மலம் இறுகும், தூக்கம் கெடும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கெனத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வருவதில்லை. திருமணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஓடும் பெண்களிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் எடை குறைந்த மகிழ்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதுவரை பயிற்சியைப் பாதியாக்கி, பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எனக்கு இரவு எட்டு மணிக்குமேல்தான் நேரம் கிடைக்கிறது. எப்போது சாப்பிடுவது?

ஆறு, ஆறரை மணிக்குச் சாப்பாட்டில் ஒரு பாதியைச் சாப்பிட்டுவிடுங்கள், எளிதில் செரிக்கும் பகுதியை. எட்டரைக்குப் பயிற்சி. முடித்து அரை மணி கழித்து மீதிப் பாதி, அதில் புரதம் இருக்கட்டும். மாலைப் பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் மூச்சு வாங்கும் பயிற்சி, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது முடிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நேரம் தாண்டிவிட்டதா? வேக ஓட்டத்தை விட்டுவிட்டு, சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்துவிட்டுப் படுங்கள்.